அப்பா பெயர் எழுதாத கேசட்டுகள்

அப்பா விட்டுப்போன தகரப் பெட்டியில், வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்த 41 கேசட்டுகள் இருந்தன. பெரும்பாலும் சோனியும் டிடிகேயும். ஒவ்வொரு அட்டையிலும் நீல மையில் அவருடைய சாய்ந்த கையெழுத்து: "தோடி, 22 நிமிஷம்". "கல்யாணி, கடைசியில் கரண்ட் போச்சு". "கரகரப்ரியா, 31 நிமிஷம், தனி உண்டு". ராகம் இருக்கும், நேரம் இருக்கும். வயலின் வாசித்தவர் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. ஏன் எழுதவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "கேட்டாலே தெரியுமேம்மா, அதை எதுக்கு எழுதணும்?" என்றார்.

அவருக்குத் தெரிந்தது. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பாட்டு எதுவும் கற்றுக்கொண்டவர் இல்லை. சனிக்கிழமை இரவு 9.30 மணிக்கு வானொலியில் தேசிய நிகழ்ச்சி ஆரம்பித்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. வேலை முடிந்து தாமதமாக வந்து, கச்சேரியின் நடுவில் ரேடியோவைத் திருப்பினாலும், வயலின் நாலு இழுப்பு இழுப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவார். கடைசியில் அறிவிப்பாளர் அதே பெயரைச் சொல்லும்போது எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நானும் அண்ணனும் தூங்காமல் காத்திருப்போம்.

அவர் போன பிறகு, என் 43வது வயதில், உறையூரில் ஒரு ஆசிரியரிடம் வயலின் கற்றுக்கொள்ளப் போனேன். மேடை ஏறும் ஆசை எதுவும் இல்லை. அந்தக் கேசட்டுகளில் வாசிப்பது யார் என்று எனக்குக் கேட்டாலே தெரியவேண்டும், அவ்வளவுதான். ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் நான் பிழையாகக் கேட்டதையும், பிறகு எப்படிக் கேட்கப் பழகினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். வயலின் கேட்பவர்களுக்கும், தாமதமாகக் கற்க ஆரம்பித்தவர்களுக்கும் உதவலாம்.

முதல் ஆறு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேசட் கேசட்டாகக் குறிப்பு எழுதினேன். எண் 1: மிக இனிமை. எண் 2: உருக்கம். எண் 3: இனிமை, குழைவு. இப்படியே போனது. சாரிடம் காட்டினேன். பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படித்தார். "இதுல நீ இருக்கேம்மா. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்க. வயலின்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்லையே" என்றார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்து மத்திய அலை ஒலிபரப்பில் மேல் அதிர்வெண்கள் வெட்டுப்பட்டுத்தான் வரும். வயலினின் கூர்மையும் பளபளப்பும், வில்லின் மயிர் தந்தியில் உரசும் அந்த மெல்லிய சத்தமும் இருப்பது அந்த மேல்பகுதியில்தான். அது போய்விட்டால் எந்த வயலினும் மெத்தென்று, இனிமையாகத்தான் கேட்கும். ஆக, நான் பக்கம் பக்கமாக எழுதிய இனிமையில் பாதி ரேடியோ தந்தது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் இடது கையைத் தொடவே கூடாது என்றார். விரல் எதுவும் வைக்காமல் வெறும் தந்தியில் வில் மட்டும். கர்நாடக வயலினுக்கு நாலு தந்தியும் ஸ–ப–ஸ–ப என்று, அதாவது ஸட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி, சேர்த்திருக்கும். அந்த நாலு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும்: வில்லை எவ்வளவு வேகமாக இழுக்கிறோம், எவ்வளவு பாரம் கொடுக்கிறோம், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு எவ்வளவு பக்கத்தில் இழுக்கிறோம். பிரிட்ஜை ஒட்டி, மெதுவாக, பாரம் கொடுத்து இழுத்தால் ஒலி அடர்த்தியாகி முன்னால் வந்து நிற்கும். விரல்பலகைப் பக்கம் நகர்த்தி, வேகமாக, லேசாக இழுத்தால் புல்லாங்குழல் மாதிரி காற்று கலந்து வரும். பாரம் கூடி வேகம் குறைந்தால் கரகரப்பு. வேகம் கூடிப் பாரம் போதாமல் போனால் ஒலி வழுக்கிக்கொண்டு போகும். மூன்றும் பொருந்துகிற ஓர் இடத்தில் தந்தி தானாகத் திறந்து பாடும். அந்த இடம் கிடைக்கும்போது வயலினின் உடம்பு அதிர்வது நெஞ்சில் தெரியும். நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுபக்கத்தை நெஞ்சோடு அணைத்து வாசிப்பதால் இது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது வாரக் கடைசியில் சார் சொன்னது இன்றைக்கும் மனதில் இருக்கிறது: "இடது கை ராகத்துக்குக் கட்டுப்பட்டது. தோடி காந்தாரத்தை உன் இஷ்டத்துக்கு ஆட்ட முடியாது, அது எப்படி அசையணும்னு ராகம் முடிவு பண்ணியாச்சு. வலது கைதான் வாசிக்கிறவனோடது. ஆள் யாருன்னு தெரியணும்னா வில்லைக் கேளு."

அதன் பிறகுதான் பெட்டியை மறுபடி திறந்தேன்.

ஆரம்பத்தில் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்: லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். மூவரும் முறையே 1930, 1928, 1931 என்று அடுத்தடுத்த வருஷங்களில் பிறந்தவர்கள், மூவருக்கும் முதல் குரு அவரவர் அப்பா, மூவரும் அதே பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். வயலின் மும்மூர்த்திகள் என்று சொல்வது வழக்கம். வெளியே இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் உள்ளே இருக்கும் வித்தியாசம் துலக்கமாகக் கேட்கும் என்பது சாருடைய கணக்கு.

லால்குடியில் ஆரம்பித்தேன். எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான் லால்குடி, அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையின் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, தாளில் இடைவெளி விட்டு எழுதிக்கொண்டேன். கேசட்டை ஓடவிட்டு, வில் திரும்புகிற ஒவ்வோர் இடத்திலும் எழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு போட்டேன். ஒரு பல்லவிக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. போட்டு முடித்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் சொல்லும் சொல்லும் சேருகிற இடங்களில் விழுந்திருந்தன. வல்லின எழுத்து வருகிற இடத்தில் வில் ஒரு கணம் கவ்விப் பிறகு விடுகிறது. மெல்லினத்தில் அந்தக் கவ்வல் இல்லை. நெடில் வந்தால் நீள்கிறது, நீண்டபடியே தேய்கிறது. அதே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் அடுத்தடுத்த சங்கதிகளில் வேகம் கூடினாலும் சொல் உடையவில்லை. அவர் வயலினில் வார்த்தை கேட்கிறது என்று சபாக்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், புகழ்ச்சிக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அது அப்படியே நடக்கிற காரியம், தாளில் கோடு போட்டுக் காட்டலாம்.

அது எங்கிருந்து வந்தது என்றும் ஓரளவு புரிகிறது. தியாகராஜரிடம் நேரில் கற்றவர் லால்குடி ராமய்யர். அந்த வம்சத்தில் வந்தவர் இவர், அப்பா கோபாலய்யரிடம் பாடாந்தரத்தோடு, அதாவது பாட்டு வழிவழியாக வந்த முறையோடு, கற்றவர். சாகித்தியம் முதலில், வாத்தியம் பிறகு. வர்ணங்களும் தில்லானாக்களும் இயற்றிய கை என்பதால் சொல்லின் எடை எங்கே என்று வில்லுக்கே தெரிந்திருக்கிறது. அவர் ஒலி பெரிய ஒலி இல்லை. எதிரில் உட்கார்ந்து ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவது மாதிரி இருக்கும். ஒரே ஸ்வரத்துக்குள் பாரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போவார். அதனால் அவரைக் கேட்கும்போது வால்யூமை ஏற்றக்கூடாது, அறையை அமைதியாக்க வேண்டும். ஃபேனைக்கூட நிறுத்திவிடுவேன்.

டி.என். கிருஷ்ணன் கேசட்டில் அதே கோடு போடும் வேலையைச் செய்தபோது திணறினேன். வில் எங்கே திரும்புகிறது என்றே பிடிபடவில்லை. மூன்றாவது நாள் சாரிடம் போய், எனக்குக் காது போதவில்லை என்றேன். "காதெல்லாம் சரியாத்தான் இருக்கு. தெரியக்கூடாதுன்னுதானே அவர் அப்படி வாசிக்கிறார்" என்றார். அடியிலிருந்து நுனிவரை முழு வில், நுனியில் திரும்பும்போது ஒலியில் ஒரு மடிப்பும் விழாது. அடுத்த இழுப்பு முந்தையதன் தொடர்ச்சியாகவே இருக்கும். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையில் அவர் நின்றால், நிற்பது அசைவில்லாத நிற்பு. ராகத்தின் வழியில் நேராக நடப்பார், எங்கும் வேடிக்கை காட்டமாட்டார். இவரிடம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, எல்லாம் சாதாரணமாக இருக்கிறதே என்று முதல் மாதம் நினைத்தேன். இப்போது அவரைத்தான் அதிகம் கேட்கிறேன்.

சாருடைய 'வலது கைதான் ஆள்' என்ற கணக்கு எனக்கு முதலில் ஆட்டம் கண்டதும் டி.என்.கே.யிடம்தான். அவர் ஸட்ஜத்திலோ பஞ்சமத்திலோ விரல் வைக்கும்போது ஒலிக்குப் பின்னால் மணி அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு ரீங்காரம் வருகிறது. நான் இழுத்தால் வருவதில்லை. வில்லை எவ்வளவு மாற்றிப் பார்த்தும் வரவில்லை. காரணம் வில் இல்லை. தந்திகள் ஸ–ப–ஸ–ப என்று சேர்ந்திருப்பதால், விரல் வைக்கிற ஸட்ஜமோ பஞ்சமமோ மயிரிழை பிசகாமல் சுருதியில் விழுந்தால், பக்கத்துத் தந்திகள் தொடாமலே கூடச் சேர்ந்து அதிரும். கொஞ்சம் விலகினாலும் அவை ஊமையாகிவிடும். அவருடைய நாதத்தில் ஒரு பங்கு இடது கை விரல் நுனியின் துல்லியம். இதைச் சாரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "சரி, அப்ப சுருதியும் வலது கை மாதிரிதான்னு வச்சுக்க" என்று சொல்லிச் சிரித்தார்.

எம்.எஸ். கோபாலகிருஷ்ணனை நான் முழுக்கத் தப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். எம்.எஸ்.ஜி. என்றால் வேகம், வில் வலு, ஒரே தந்தியில் ஒரு ஸ்தாயி முழுக்க ஏறி இறங்குவது, ஒற்றை விரலில் வாசிப்பது என்று எல்லோரும் சொல்வதையே நானும் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன். அந்த மாதிரி இடம் வருகிறதா என்று காத்திருப்பேன், வந்ததும் நோட்டில் குறிப்பேன். சார் அந்தப் பகுதிகளை எல்லாம் ஓட்டிவிட்டு, கீழே இருக்கும் மந்தர ஸ்தாயியில் மெதுவாகப் போகிற இரண்டே நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். தடித்த கட்டைத் தந்தியில் அவ்வளவு மெதுவான பிடியிலும் ஒலியின் விளிம்பு மங்கவே இல்லை. பொதுவாக அந்தத் தந்தியில் பாரம் கொடுத்தால் ஒலி நசுங்கும், கொடுக்காவிட்டால் வெளுத்துப்போகும். இவரிடம் அது அகலமாகவும் உருண்டையாகவும் இருக்கிறது. அந்த வலுவின் மேல்தான் அந்த வேகம் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் துரித காலத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி முத்தாகக் கேட்கிறது.

அவருடைய அப்பா பரூர் சுந்தரம் அய்யர் இந்துஸ்தானி இசையும் அறிந்தவர். மகனும் இரண்டிலும் வாசித்தார், இந்துஸ்தானிப் பாடகர் ஓங்கார்நாத் தாக்கூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போகிற நீண்ட இழைவு, இந்துஸ்தானியில் 'மீண்ட்' என்பது, அவர் ஆலாபனையில் அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே இடது கையும் அவருடைய கையெழுத்துதான். ஒற்றை விரலை எடுக்காமலே நகர்த்திப் போனால், விரல் மாறுகிற சின்ன முடிச்சு இல்லாமல் ஒலி ஒரே குரலாக வரும். சாருடைய விதி இங்கே பாதிதான் செல்லும். எனக்கு அந்த விதி ஆரம்பத்தில் தேவைப்பட்டது, இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது.

நடுவில் ஒரு பெரிய பிழை. எண் 17 கேசட்டில் வயலின் கீச்சென்று, அவசரமாக, கூர்மையாக இருந்தது. யாரோ அனுபவம் குறைந்தவர் என்று முடிவுகட்டி ஒதுக்கி வைத்தேன். ஒரு வருஷம் கழித்து அதைக் கடைசிவரை ஓடவிட்டபோது அறிவிப்பாளர் குரல் வந்தது, சின்னப் பையன் குரல் மாதிரி. பக்கவாத்தியம் வயலின், டி.என். கிருஷ்ணன் என்றது அந்தக் குரல். டேப் வேகமாக ஓடியிருக்கிறது! எதிலோ பதிவானபோது மெதுவாக ஓடிய மெஷின், இப்போது என்னுடையதில் சரியான வேகத்தில் ஓடும்போது எல்லாம் ஏறிக் கேட்கிறது. வேகம் நூற்றுக்கு 6 பங்கு கூடினாலே சுருதி அரைக் கட்டை (சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்) ஏறிவிடும். சுருதி மட்டுமில்லை, ஸ்வரத்தை ஆட்டும் கமகத்தின் அசைவும் வேகமாகும், வில்லும் அவசரப்படும், ஒலியின் நிறமே மாறிவிடும். அண்ணன் மகன் கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான். அந்த நிதானமும் மடிப்பில்லாத வில்லும் திரும்பி வந்தன. பழைய பதிவுகளில் யாரையும் எடைபோடுவதற்கு முன்னால் பேச்சுக் குரல் வருகிற இடத்தைத் தேடிக் கேளுங்கள். மனிதக் குரல் இயல்பாக இருக்கிறதா என்பது நம் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

சுருதியில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஆண் பாடகருக்கு 1 கட்டை, 1½ கட்டையில் வாசிக்கும்போது தந்திகள் நன்றாகத் தளர்ந்திருக்கும், ஒலி கருமையாக, கனமாக இருக்கும். பெண் குரலுக்கு 5, 5½ கட்டை என்றால் தந்திகள் கிட்டத்தட்ட மேல்நாட்டு வயலின் அளவுக்கு இறுகிவிடும், அதே கை வாசித்தாலும் ஒலி வெளிச்சமாகும். பாடகி எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல வருஷங்கள் வாசித்த ஏ. கன்யாகுமரியின் வயலினை, ஒரு கட்டையில் வாசித்த இன்னொருவரோடு வைத்து, இவர் ஒலி கூர்மை அவர் ஒலி கனம் என்று நான் எழுதியிருந்தேன். அது சுருதியை ஒப்பிட்டது, ஆட்களை ஒப்பிட்டது இல்லை. ஒப்பிடுவதென்றால் ஏறக்குறைய ஒரே சுருதி, ஒரே ராகம், இருவரும் தனிக்கச்சேரி அல்லது இருவரும் பக்கவாத்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கவாத்தியத்தில் பாடுபவரின் பாணிக்கு வில் வளைந்து கொடுக்கும். லால்குடியே இரண்டு வேறு பாடகர்களுக்கு வாசித்ததைக் கேட்டால் இரண்டு ஆள் மாதிரி இருக்கும்.

மைக் இல்லாத காலத்து ஒலியையும் இதே மாதிரி இடம் அறிந்துதான் கேட்கவேண்டும். துவாரம் வெங்கடசாமி நாயுடு 1893-ல் பிறந்தவர், ஆந்திராவின் விஜயநகரம் இசைக் கல்லூரியில் கற்பித்தவர். பழைய இசைத்தட்டுகளில் அவருடைய நீண்ட வில்லும் திறந்த நாதமும் இரைச்சலுக்கு நடுவிலும் தெரிகின்றன. குரலைப் போல வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், வயலின் வயலினாகவே பாடுவது அவரிடம் எனக்குப் பிடித்தது. மைசூர் சௌடய்யா வேறு வழியில் போனார். பெரிய கூட்டத்துக்குக் கேட்கவேண்டும் என்று மேலும் 3 தந்தி சேர்த்து ஏழு தந்தி வயலினே செய்துகொண்டார். அந்தக் கனத்த ஒலியை இன்றைக்கு ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு முரடு என்று சொல்வது நியாயமில்லை.

ஒரே வீட்டில் இரண்டு ஒலி பிறக்கும் என்பதற்கு டி.என். கிருஷ்ணனின் தங்கை என். ராஜத்தைக் கேட்டால் போதும். இருவருக்கும் முதல் குரு அப்பா நாராயண அய்யர்தான். தங்கை ஓங்கார்நாத் தாக்கூரிடம் போய் இந்துஸ்தானி கற்றார், குரலின் வளைவை அப்படியே கொண்டுவரும் காயகி பாணியில் வாசித்தார். முழு வில், சுத்தமான சுருதி என்ற அடித்தளம் இருவரிடமும் ஒன்று. அண்ணன் வில் ஒரு தட்டையான ஆற்றைப் போல ஓடுகிற இடத்தில், தங்கை வில் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி விடும்.

மேல்நாட்டு வயலின் கலைஞர்களையும் சில மாதம் கேட்டேன், ஹைஃபெட்ஸ், ஓய்ஸ்ட்ராக் இருவரையும். சாருடைய விதி அங்கே ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது. அவர்கள் எழுதிவைத்த ஸ்வரத்தை வாசிக்கிறார்கள், ஆனால் அந்த ஸ்வரத்தில் விரலை எப்படி நடுங்கவிடுவது என்பது அவரவர் விருப்பம். ஹைஃபெட்ஸின் நடுக்கம் நெருக்கமானது, வேகமானது, ஒலி எரிகிற திரி மாதிரி நிற்கும். ஓய்ஸ்ட்ராக்கின் நடுக்கம் அகலமானது, ஒலி வெதுவெதுப்பாகப் பரவும். நம்மிடம் அந்த அசைவைக் கமகம் எடுத்துக்கொண்டுவிட்டது. 1965-ல் எடின்பரோ விழாவில் லால்குடியைக் கேட்ட யெஹுதி மெனுஹின் தன்னுடைய இத்தாலிய வயலினை அவருக்குக் கொடுத்தார். மெனுஹின் அந்த வில்லில் என்ன கேட்டிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம், இது என் கைக்கு என்ன செய்தது என்பது. லால்குடியின் சொல் பிரிக்கும் வில்லை முதலில் பின்பற்றப் பார்த்தேன். ஒரு மாதத்தில் என் ஒலி துண்டுதுண்டாக உடைந்துபோனது. சார் உடனே நிறுத்தினார். "நீள வில் வராதவனுக்குச் சின்ன வில் வராது" என்றார். சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு வில்லுக்கு 8 வினாடி, சில வாரம் கழித்து 12, பிறகு 16. வில்லின் நடுவில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு, பாதி நேரத்தில் அந்தக் கோடு தந்தியைத் தாண்டுகிறதா என்று பார்க்கவேண்டும். எனக்கு எப்போதும் முதல் பாதியிலேயே வில் தீர்ந்துபோகும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைத்தால் வில் பிரிட்ஜுக்கு இணையாகப் போகிறதா, சாய்கிறதா என்று தெரியும். எட்டு மாதம் இதுதான் காலைச் சாதகம். சலிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 16 வினாடி முழுக்க ஒலி தளராமல் வந்த முதல் நாள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வர்ணத்தின் பல்லவி வரியை மட்டும் எடுத்து, ஒரு வாரம் முழு வில்லில் இணைத்து, அடுத்த வாரம் சொல் சொல்லாகப் பிரித்து, அதற்கடுத்த வாரம் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து வலுவோடு என்று வாசித்தேன். அந்த மூவரைப் போல என் ஒலி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் அவர்களைக் கேட்கும்போது என் வலது தோள் தானாக அசைகிறது. இந்த இடத்தில் வில் பாதியில் இருக்கிறது, இங்கே பாரம் குறைகிறது என்று உடம்புக்குத் தெரிகிறது. காது மட்டும் வைத்துக்கொண்டு கேட்டபோது இது எனக்குக் கிடைக்கவே இல்லை. வயலின் கற்காதவர்கள்கூட ஒரு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே இழுத்துப் பார்க்கலாம், உண்மையாகவே உதவும்.

சின்னச் சின்ன விஷயம் சில. நாம் வாசிப்பதைப் போனில் பதிவு செய்வதென்றால் மடியருகில் வைக்காமல் ஆறு அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் வில்லின் உரசல்தான் பெரிதாகப் பதியும், நாதம் உருவாவதற்கே கொஞ்சம் தூரம் வேண்டும். வில்லில் தேய்க்கும் ரோசின் அதிகமாகப் போட்டால் வலு வரும் என்று நினைத்துப் பல மாதம் ஒலியைச் சொரசொரப்பாக்கிக்கொண்டேன். தந்தி பழசாகி மங்கிப்போனதை என் கையின் குறை என்று நினைத்து அழுதும் இருக்கிறேன். முதலில் தந்தியைப் பாருங்கள்.

கேசட்டுகளுக்கு வருகிறேன். 41-ல் 33 கேசட்டுகளில் வாசிப்பது யார் என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. சிலவற்றில் அறிவிப்பாளர் குரலே கிடைத்தது, மற்றவற்றை நானும் சாரும் தனித்தனியாகத் தாளில் எழுதிப் பிறகு ஒப்பிட்டோம். இருவரும் ஒரே பெயர் எழுதியதை மட்டும்தான் கணக்கில் எடுத்தோம்.

மீதி எட்டில் ஒன்று அந்தக் கரகரப்ரியா. அப்பா ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்குவதற்கு முந்தைய காலத்தது. பழைய ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால் வீட்டுச் சத்தமும் உள்ளே இருக்கிறது. அம்மா, "சாப்பிட வாங்க" என்பது கேட்கும், அப்பா "உஷ்" என்பது கேட்கும். பாடகர் ஆலாபனையை முடித்ததும் வயலின் எடுக்கிறது. முழு வில், ஆனால் டி.என்.கே. இல்லை, திரும்புகிற இடம் லேசாகத் தெரிகிறது. சொல் பிரிகிறது, ஆனால் லால்குடி இல்லை, அவ்வளவு நுணுக்கம் இல்லை. மந்தரத்தில் கொஞ்சம் நடுங்குகிறது. 19வது நிமிஷத்தில் அந்த வயலின் ரி ஸ்வரத்துக்கு, ரிஷபத்துக்கு வந்து நிற்கிறது. வேறெதுவும் செய்யவில்லை. பாரம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒலி நூலாகி, நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் இன்னும் இருக்கிறது. அங்கே அப்பா, யாருக்கும் கேட்காத குரலில், "சபாஷ்" என்கிறார்.

சார் நாலு முறை கேட்டுவிட்டு, "யாரோ நம்ம பக்கத்து வித்வானா இருக்கணும்மா, வானொலிக்கு எப்பவாவது வாசிச்சவரா இருப்பார். பேர் தெரியலை" என்றார்.

அட்டையில் அப்பா எழுதியதற்குக் கீழே, கறுப்பு மையில், நான் இப்படி எழுதியிருக்கிறேன்: "வயலின் யாரென்று தெரியவில்லை. முழு வில். 19வது நிமிஷம், ரிஷபம்."